மைக்கம்மாவின் நீண்ட ஜெபம்

அவள் குரலைக் கேட்காமல் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து யாரும் வெளியூர் போனதில்லை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் அவள் வேலை. அதனால் ஊர் முழுக்க அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். டயர் கடை வைத்திருந்த அவள் கணவர் அதையும் சுருக்கி ‘மைக்கு’ என்பார். ஏதாவது கேட்டுவிட்டு உடனே வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார். பதில் முடிய நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

வேலை கிடைத்த கதையே தனி. நேர்காணலுக்குப் போன அன்று மின்சாரம் போய்விட்டது. மற்றவர்கள் கரண்ட் வரட்டும் என்று கையில் இருந்ததை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் அறிவிப்புக் கூண்டுக்கு வெளியே வந்து நின்று, கையை வாயருகே குவித்து, புறப்படவிருந்த வண்டியை அறிவித்தாள். கழிப்பறைக்குப் போயிருந்த ஓட்டுநர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். அதிகாரி அதற்குப் பிறகு வேறு யாரையும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

வண்டி அறிவிப்பதை விட, காணாமல் போன குழந்தைகளை அறிவிப்பதில்தான் அவள் புலி. புதிதாக வேலைக்கு வரும் யாராவது “ஒரு குழந்தையைக் காணவில்லை” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். “ஒரு குழந்தைன்னா எந்தக் குழந்தை? சட்டை என்ன கலரு, கையில என்ன வச்சிருந்துச்சு, மூக்கு ஒழுகுதா இல்லையா, அதைச் சொல்லு. அப்பத்தான் ஜனம் திரும்பிப் பாக்கும்.” அவள் அறிவித்து, கிடைக்காமல் போன குழந்தை என்று ஒன்று இதுவரை இல்லை. சில குழந்தைகள் தாங்கள் காணாமல் போனதையே அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டன.

இந்தப் பழக்கத்தை அவள் சபைக்கும் எடுத்துக்கொண்டு போனதுதான் தொல்லை. ஞாயிறு ஆராதனையில் யாருக்காகவாவது ஜெபிக்கச் சொன்னால், ஆண்டவருக்கு வழி தெரியாது என்று நினைத்தவளைப் போல ஜெபிப்பாள். “ஆண்டவரே, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துச் சந்து, பச்சைக் கேட்டு, மாடியில இடது கைப் பக்கம் இருக்கிற உம்முடைய மகளுக்கு முழங்கால் வலி.” பின் பெஞ்சில் இளசுகள் தோள் குலுங்கச் சிரிக்கும். முழங்கால் வலிக்காரிக்கு அன்று சாயங்காலமே வாசல் கொள்ளாத கூட்டம். போதகர் அவளைத் தனியே கூப்பிட்டு, “அம்மா, கர்த்தருக்கு எல்லாம் தெரியும்” என்பார். “தெரியும் ஐயா, சபைக்குத் தெரியணுமில்ல” என்பாள் இவள்.

பிறகு பக்கத்து நாட்டில் போர் வந்தது. எல்லையைத் தாண்டி ஜனங்கள் லாரியிலும் நடந்தும் வந்து சேர்ந்தார்கள். ஊரில் இரண்டு சபைகள். மேட்டுத் தெருவில் மைக்கம்மா போகும் சபை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. ஒரு காலத்தில் ஒரே சபைதான். பாட்டுக்குக் கை தட்டலாமா கூடாதா என்று சண்டை போட்டு, தட்டுகிறவர்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். சம்பந்தம் பேசுவதில்லை, துக்கத்துக்குப் போவதோடு சரி. ஆனால் போர் வந்ததும் இரண்டு சபைகளும் போட்டி போட்டுக்கொண்டு கூடங்களைத் திறந்துவிட்டன. மேட்டுச் சபையார் பெஞ்சுகளை முற்றத்தில் அடுக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள். ஆற்றங்கரைச் சபையார் பாட்டுக்குழுவின் அங்கிகளைக்கூட வெட்டிக் குழந்தைகளுக்குச் சட்டையாகத் தைத்தார்கள். யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை. ஊரே அத்தனை பரபரப்பாக இருந்து மைக்கம்மா பார்த்ததில்லை. காலையில் கூண்டில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, மத்தியானம் கூடத்தில் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அதற்கு நடுவே ஒரு நாள், கையில் போட்டோவை வைத்துக்கொண்டு, “இந்த ஆளைப் பார்த்தீர்களா?” என்று சிலர் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் முகமே சரியில்லை. அவர்கள் தேடிய மனிதர் மேட்டுச் சபையின் சமையலறையில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கண்மறையும் வரை சமையலறைக் கதவைத் தாழிட்டு வைத்தார்கள். அன்றே இரண்டு போதகர்களும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். வந்தவர்கள் யார், எங்கே தங்கியிருக்கிறார்கள், என்ன அடையாளம் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. ஜெபத்தில்கூட ‘ஒரு சகோதரன்’, ‘ஒரு சகோதரி’, அவ்வளவுதான். கை தட்டுகிறவர்களும் தட்டாதவர்களும் பல வருடங்களில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தப்பான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. மைக்கம்மாவுக்கு மட்டும் அது வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தப் போட்டோக்காரர்களை அவளும் பார்த்திருந்தாள். அடங்கிப் போனாள்.

அவள் வீட்டு மாடி அறைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தன் ஊரில் பார்லர் வைத்திருந்தவள். போரின் தொடக்கத்திலேயே கணவன் இறந்துபோனான். வந்த மறுநாளே, “சும்மா உக்கார முடியலக்கா” என்று கத்திரிக்கோலை எடுத்து மைக்கம்மாவின் கூந்தல் நுனியைச் சீராக்கினாள். அடுத்து டயர் கடைக்காரரின் தலை. அடுத்து தெருவே வாசலில் வரிசை கட்டியது. எல்லோரிடமும் பேசுவாள், சிரிப்பாள். மாடிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கணவன் படத்தோடு பேசுவாள். “ஏங்க, இன்னைக்கும் ஒண்ணும் தெரியல” என்று அவள் சொல்வது படியில் நிற்கும் மைக்கம்மாவுக்குக் கேட்கும். கேட்டதும் காப்பியை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

ஒரு நாள் அவளே சொன்னாள். “பாப்பாவுக்கு முன்முடி வெட்டிட்டிருந்தேன்க்கா. கண்ணுல விழுது கண்ணுல விழுதுன்னு ரெண்டு நாளா நச்சரிப்பு. இடது பக்கம் வெட்டி முடிச்சேன். சைரன் ஊதிருச்சு. அப்படியே தூக்கிட்டு ஓடினேன். ரோட்ல ஒரு லாரி. முதல்ல புள்ளைய ஏத்திவிட்டேன். நான் கால வைக்கிறதுக்குள்ள எடுத்துட்டான். பாதி வெட்டின முடியோட அது திரும்பிப் பாத்துச்சுக்கா. அழக்கூட இல்ல.”

அந்த லாரி எல்லை முகாமுக்குத்தான் போகும் என்று யாரோ சொல்ல, அவள் நடந்தே முகாமுக்குப் போய்த் தேடினாள். அங்கே இல்லை. நிவாரண அலுவலகத்தில் குழந்தையின் பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். அந்தப் பெயரில் ஒரு குழந்தையும் வரவில்லை என்றார்கள். மைக்கம்மா அவளை ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். “உங்க ஆண்டவர்கிட்ட நான் இப்ப பேசறதில்லக்கா” என்றாள் அவள். “சரி, உனக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்” என்றாள் மைக்கம்மா. பேசத்தான் செய்தாள். இரண்டு சபைகளும் வாராவாரம் சேர்ந்து நடத்திய ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, “பிள்ளையைப் பிரிந்த ஒரு தாய்க்காக” என்று ஒரே வரியில் ஜெபித்துவிட்டு, மீதியை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். லாரி திரும்பி ஊருக்கே போயிருக்கலாம், பிள்ளை அங்கேதான் இருக்கும், நான் போகிறேன் என்றாள். எல்லைக்குப் போகும் பேருந்தில் ஏறினால் அங்கிருந்து நடந்து உள்ளே போய்விடலாமாம். உள்ளே இன்னும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. மைக்கம்மா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். “உங்க புள்ளைன்னா நீங்க இருப்பீங்களாக்கா?” என்று அவள் கேட்டபிறகு மைக்கம்மா கெஞ்சுவதை விட்டுவிட்டு, பயணப் பையில் துணியை மடித்து வைத்தாள். வண்டி சனிக்கிழமை மத்தியானம். அந்த வண்டியைத் தன் வாயால் அறிவிக்க மனம் வராமல் அன்று விடுப்புப் போட்டாள். வழியனுப்பவும் தெம்பில்லை. கணவரை அவளோடு அனுப்பிவிட்டு, ஆற்றங்கரைச் சபையில் நடந்த கூட்டு ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. தட்டுகிறவர்கள் இந்தப் பக்கம், தட்டாதவர்கள் அந்தப் பக்கம். பக்கத்து அறையில் குழந்தைகளின் கூச்சல். மைக்கம்மாவின் முறை வந்தது. மேட்டுச் சபைப் போதகர், ‘சுருக்கமாக’ என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

“ஆண்டவரே, பிள்ளையைப் பிரிந்த ஒரு தாய்…” என்று ஆரம்பித்தாள். அத்தோடு நின்றது. இந்நேரம் அவள் பேருந்தில் ஏறியிருப்பாள், ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அடுத்த நொடி என்ன ஆனதென்று அவளுக்கே தெரியாது. கண்ணைத் திறந்தாள். கூண்டில் உட்கார்ந்து பேசும் அதே குரல் வந்துவிட்டது.

“கவனிக்கவும், ஆண்டவரே! பெண் குழந்தை. வயது மூன்று முடிந்து நான்கு. பச்சைக் கவுன், பையில் பித்தான் கிடையாது. காலில் செருப்பு இல்லை. லாரியில் ஏற்றிவிடப்பட்ட குழந்தை. முன்முடி இடது பக்கம் மட்டும் வெட்டியிருக்கும், வலது பக்கம் வெட்டாமல் கண்ணில் விழும்! கண்டவர்கள்…”

“அம்மா!” என்றார் போதகர், முகம் வெளுத்து.

“கண்டவர்கள் உடனே…”

“ஐயோ! நான்தான் வெட்டினேன்!”

இந்த அலறல் கை தட்டுகிறவர்கள் பக்கமிருந்து வந்தது. மருந்துக்கடை அக்கா எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் இருமல் மருந்து கொடுக்கிறவள், கோணல் மாணலாக ஒரு பாட்டில் இருந்தால்கூடப் பொறுக்காதவள். “அசிங்கமா இருக்கேன்னு மறு பக்கத்தையும் நான்தான் வெட்டிச் சமமாக்கினேன்! வந்த அன்னைக்கே! கவுனையும் கொதிக்கிற தண்ணில போட்டு வெளுக்க வச்சுட்டேன்!”

“புள்ள எங்க?”

“உள்ளதான் விளையாடுது! லாரிக்காரன் எங்க சபை வாசல்லயே எறக்கிட்டுப் போயிட்டான். பேரு கேட்டா பாப்பாங்குது. அம்மா பேரு என்னன்னா அம்மாங்குது. அப்பா பேரு கேட்டா…”

“கேட்டா?”

“‘ஏங்க’ங்குது!”

மைக்கம்மா இரண்டு பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்தாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படித் தாண்டினாள் என்று இன்றைக்கும் ஊரில் வியப்பார்கள். எத்தனை வாரம்! கூடத்தின் ஒரு பக்கம் இவள் ‘பிள்ளையைப் பிரிந்த ஒரு தாய்க்காக’ என்று நிற்க, மறு பக்கம் மருந்துக்கடை அக்கா எழுந்து ‘தாயைப் பிரிந்த ஒரு பிள்ளைக்காக’ என்று நின்றிருக்கிறாள். ஒருவர் ஜெபத்துக்கு மற்றவர் மனம் உருகி ஆமென் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் பிரியாத குடும்பம்தான் அபூர்வம், அதனால் யாருக்கும் பொறி தட்டவில்லை. நல்லவர்கள் எல்லோரும் கூடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாயையும் மகளையும் ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. “ஜெபம் இன்னும் முடியல” என்று யாரோ முனக, “ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம்யா, வழிய விடுங்க!” என்று ஆற்றங்கரைப் போதகரே கத்தினார். மருந்துக்கடை அக்காவின் ஸ்கூட்டரில் நடுவில் பாப்பா, பின்னால் மைக்கம்மா. ஓட்டிக்கொண்டே அக்கா, “போன் போடுங்க, போன் போடுங்க” என்றாள். மைக்கம்மா கணவர் எண்ணைப் போட்டாள். அவள் கைப்பையிலேயே மணி அடித்தது. தொலைத்துவிடுவேன், நீயே வைத்துக்கொள் என்று மகராசன் காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சரி, பேருந்து நிலையத்து விசாரணை எண். அடித்துக்கொண்டே இருந்தது. விசாரணை போனை யார் எடுத்த சரித்திரம் உண்டு? அவளே ஒரு நாளும் எடுத்ததில்லை.

பாலத்தில் ராணுவ லாரிகள் எறும்பு வரிசையாக நின்றன. அக்கா நடைபாதையில் வண்டியை ஏற்றினாள். “ஏம்மா, இது நடக்கிற இடம்!” என்று காவலர் கையை நீட்டினார். “காணாமப் போன புள்ள சார்!” என்று மைக்கம்மா போட்ட சத்தத்தில் அவர் கை தானாகவே இறங்கியது. லாரியில் இருந்த சிப்பாய்கள் விசிலடித்தார்கள். பாப்பா தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று எல்லோருக்கும் கை காட்டியது. மைக்கம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டும் காற்றில் போயின.

நிலையத்துக்குள் நுழைந்தபோது எல்லை வண்டி மேடையை விட்டுப் பின்னால் நகர்ந்து, வெளிவாசல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினால் பிடிக்க முடியாது. மைக்கம்மா வண்டிப் பக்கம் ஓடாமல் கூண்டுக்குள் பாய்ந்தாள். அன்று அவளுக்குப் பதிலாக வந்திருந்தவர் வாயில் பிஸ்கட்டோடு நாற்காலியிலிருந்து எழுவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“எல்லை வண்டி ஓட்டுநர் நிறுத்தவும்! நிறுத்துங்கண்ணே! அம்மாடி, எறங்கு! பாப்பா இங்க இருக்கு!”

வண்டி குலுங்கி நின்றது. ஆனால் யாரும் இறங்கவில்லை. ஜன்னலில் அந்த முகம் தெரிந்தது. அசையவே இல்லை. முகாமில் இதே மாதிரி ஆசை காட்டி, வேறு யார் குழந்தையையோ கொண்டுவந்து நிறுத்தியதில் பலமுறை நொந்தவள். இன்னொரு தரம் எழுந்து வர அவளுக்குத் துணிவில்லை.

மைக்கம்மா குழந்தையைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினாள். “கூப்பிடும்மா கண்ணு, அம்மாவக் கூப்பிடு.” பாப்பா மைக்கைப் பார்த்தது. மைக்கின் தலையில் பொத்தி வைத்திருந்த கறுப்புப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. “கூப்பிடுடா தங்கம்!” ஊஹூம். கால் மேல் காலைப் பின்னிக்கொண்டு நின்ற குழந்தை கடைசியில் மைக்கருகே வந்து, இரகசியம் போல, ஆனால் ஊருக்கே கேட்கும்படி சொன்னது:

“அம்மா… ஒண்ணுக்கு வருது.”

பேருந்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அதை அழுகை என்பதா சிரிப்பு என்பதா என்று கேட்டவர்களுக்கு இன்றும் தெரியாது. படியில் கால் வைத்தாளா, ஜன்னல் வழியாகக் குதித்தாளா, அதையும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் கூண்டு வாசலில் மண்டியிட்டிருந்தாள். பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. நின்று முறைத்தது. பிறகு இரண்டு கையாலும் அவள் தோளில் அடித்தது. “எங்க போன? எங்க போன நீ?” ஒவ்வொரு அடிக்கும், “தப்புதாண்டா, அம்மா தப்புதான்” என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அடித்து ஓய்ந்தபின் குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கவுன் நனைந்திருந்தது. தாயின் மடியும் நனைந்தது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. டயர் கடைக்காரர் ஒரு ஓரமாக நின்று, மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். மேடைகளில் நின்ற ஜனம் கை தட்டியது. மேட்டுச் சபைப் போதகர் வேனில் வந்து இறங்கியிருந்தார், அவரும் தட்டினார்.

பேருந்து இன்னும் நின்றுகொண்டிருந்தது. நடத்துனர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. அதிலிருந்து ஒரு பெரியவர், தோளில் பையோடு மெதுவாக இறங்கி, கூண்டின் ஜன்னலுக்கு வந்தார்.

“அம்மா, எனக்கும் ஒரு பேத்தி. என் கைல இருந்துதான் விட்டுப்போச்சு. அதையும் கொஞ்சம் சொல்றீங்களா?”

மைக்கம்மா போதகரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலை மறைக்காமல் ஒதுங்கி நின்றார். அவள் பெரியவரிடமே கேட்டாள். “சொல்லலாமாய்யா? உங்களத் தேடி யாரும் வரமாட்டாங்களே?”

“வரட்டும்மா. என்னை யாராவது தேடி வந்தா சந்தோசம்தான்.”

அவருக்குப் பின்னால் இன்னொரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு அண்ணன் தம்பிகள். பிறகு பேருந்தே காலியாகிக் கூண்டு ஜன்னல் முன்னால் வந்து நின்றது. எல்லோரும் திரும்பி அந்த நெருப்புக்குள் போகக் கிளம்பியவர்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை, முந்தவில்லை. வயதையும் சட்டையின் நிறத்தையும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மைக்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓட்டுநரும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“சொல்லுங்கய்யா,” என்றாள். “பேத்திக்கு என்ன வயசு? கடைசியாப் பாத்தப்ப கையில என்ன வச்சிருந்தா?”